உரைகல்லும் ஒரு நிமிடமும்: கலைநய ஜிம்னாஸ்டிக்ஸில் நடுவர் தீர்ப்பும் அதன் சர்ச்சைகளும்

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் 1880ஆம் ஆண்டில் கால் பதித்ததிலிருந்து, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, அந்த ஊரின் வாழ்வு முழுவதும் ஓர் அளவையைச் சார்ந்தே நடந்தது. வெட்டியெடுத்த பாறையில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்பதைச் சோதனைக்கூடத்தில் உருக்கிப் பார்த்துச் சொல்லும் அளவையே அது. அந்தச் சோதனையில் பிழை நேர்ந்ததாக ஐயம் எழுந்தால், அதே பாறையின் இன்னொரு துண்டை எடுத்து மீண்டும் உருக்கிப் பார்க்கலாம். பொருள் கையில் இருக்கும் வரை தீர்ப்பைத் திருத்திக்கொள்ள வழியுண்டு. கலைநய ஜிம்னாஸ்டிக்ஸில் அளக்கப்படும் பொருளோ சில நொடிகளில், மிஞ்சினால் ஒன்றரை நிமிடத்தில், காற்றில் கரைந்து மறைந்துவிடுகிறது. மறைந்துவிட்ட ஒன்றுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நுணுக்கமான எண்ணை இட்டு, அந்த எண்ணைக் கொண்டு பதக்கம் யாருக்கு என்று முடிவு செய்வதால்தான், இந்த விளையாட்டில் நடுவர் தீர்ப்பு பற்றிய சர்ச்சை ஓய்வதேயில்லை.

இச்சர்ச்சைகளைப் பொதுவாக நடுவரின் பாரபட்சம் என்ற ஒரே தலைப்பின் கீழ் அடக்கிவிடுவது வழக்கம். ஆனால் கடந்த அரை நூற்றாண்டு நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், தீர்ப்பு ஓர் இடத்தில் மட்டும் நிகழ்வதில்லை என்பது புலப்படும். போட்டிக்கு ஆண்டுகள் முன்பே எந்தப் பயிற்சிக்கு எவ்வளவு மதிப்பு என்று வகுக்கும் விதிநூலில் ஒரு தீர்ப்பும், போட்டி மேடையில் ஒரு தீர்ப்பும், அந்த மேடைக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும் தேர்வுக் குழுவில் ஒரு தீர்ப்புமாக அது மூன்று இடங்களில் நிகழ்கிறது. ஒவ்வொரு சீர்திருத்தமும் மேடைத் தீர்ப்பைச் செம்மைப்படுத்த முயன்றிருக்கிறது. ஆனால் இந்தியா போன்ற நாடுகளின் வீரர்களுக்குப் பெரும்பாலும் முதலாவதும் மூன்றாவதுமே விதியை எழுதியிருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மதிப்பெண் எவ்வாறு உருவாகிறது

ஆண்களுக்கு ஆறு கருவிகளும் பெண்களுக்கு நான்கு கருவிகளும் கொண்ட இந்தப் போட்டியை, 1881இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு நடத்துகிறது. அது ஒலிம்பிக் சுழற்சிக்கு ஒருமுறை, அதாவது நான்காண்டுக்கு ஒருமுறை, மதிப்பெண் விதிநூலைத் திருத்தி வெளியிடுகிறது. இன்றைய முறையில் ஒரு வீராங்கனையின் மதிப்பெண் இரு பகுதிகளின் கூட்டல். முதலாவது கடின மதிப்பெண்: அவர் செய்த பல்டிகள், சுழற்சிகள், தாவல்கள் ஆகியவற்றில் மிகக் கடினமானவற்றை மட்டும் கணக்கில் எடுத்து, விதிநூல் அவற்றுக்கு இட்டிருக்கும் மதிப்பையும், அவற்றை இடைவிடாமல் இணைத்ததற்கான கூடுதல் மதிப்பையும் சேர்த்து இது கணக்கிடப்படுகிறது, இதற்கு மேல்வரம்பு கிடையாது. இரண்டாவது செயல்நேர்த்தி மதிப்பெண்: இது பத்திலிருந்து தொடங்கிக் குறைந்துகொண்டே போகும். சிறு பிழைக்கு 0.1, நடுத்தரப் பிழைக்கு 0.3, பெரும்பிழைக்கு 0.5, கீழே விழுந்தால் 1.0 என்று கழிக்கப்படும். நேர்த்தியைப் பல நடுவர்கள் தனித்தனியே மதிப்பிட, உச்சமும் கடைசியுமான எண்கள் விலக்கப்பட்டு, இடையில் உள்ளவற்றின் சராசரி எடுக்கப்படுகிறது. ஒரு நடுவரின் விருப்பு வெறுப்பு முடிவைச் சாய்த்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. தரைப் பயிற்சியில் எல்லைக்கோட்டைத் தாண்டினால் அதற்கான தண்டம் தனியாகக் கழிக்கப்படும்.

இவ்விரு பகுதிகளுள் முறையீட்டுக்கு உரியது கடின மதிப்பெண் மட்டுமே என்பது மிக முக்கியமான விதி. பயிற்சியாளர் கட்டணம் செலுத்தி, இந்தத் தாவல் முழுமையாகச் செய்யப்பட்டது, அதற்குரிய மதிப்பு தரப்படவில்லை என்று கேட்கலாம். கால் நீட்டம் போதவில்லை என்று நடுவர் கழித்ததைக் கேள்வி கேட்க முடியாது. எண்ணக்கூடியதை எதிர்த்து வாதாடலாம், கண்ணால் மட்டும் கணிக்கக்கூடியதை எதிர்த்து வாதாடக் கூடாது என்ற இந்தப் பிரிவினைக்குள்ளேயே பிற்காலச் சிக்கல்கள் பலவற்றின் வித்து இருக்கிறது.

பத்து என்ற எண் சரிந்த வரலாறு

பழைய முறையில் உச்ச மதிப்பெண் பத்து. 1976 மாண்ட்ரீயல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாதியா கோமனெச்சி முதன்முதலாக அதைப் பெற்றபோது, அதைக் காட்டும் வசதி இல்லாத அறிவிப்புப் பலகை 1.00 என்று காட்டியது. ஆனால் எல்லாருக்கும் பொதுவான ஓர் உச்சம் இருந்தபோது, அந்த உச்சத்துக்கு அருகில் நிற்போரை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்துக் காட்டும் வேலை நடுவரின் மனத்துக்கே விடப்பட்டது; அந்த இடைவெளியில் அரசியல் புகுந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில், தம் நாட்டைச் சோவியத் படைகள் ஆக்கிரமித்த சில வாரங்களுக்குள் களமிறங்கிய செக்கோஸ்லோவாக்கியாவின் வேரா சாஸ்லாவ்ஸ்கா, தரைப் பயிற்சித் தங்கத்தைச் சோவியத்தின் லரிசா பெட்ரிக்குடன் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. பெட்ரிக்கின் முந்தைய மதிப்பெண் உயர்த்தப்பட்டதே அதற்குக் காரணம். சோவியத் கீதம் இசைக்கப்பட்டபோது சாஸ்லாவ்ஸ்கா தலையைக் கவிழ்த்துத் திருப்பிக்கொண்டார். 1980 மாஸ்கோவில் கோமனெச்சியின் சமநிலைச் சட்ட மதிப்பெண்ணை ஏற்பதா என்று நடுவர்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்து, அறிவிப்பே தாமதமாகி, ஒட்டுமொத்தத் தங்கம் சோவியத்தின் எலேனா தவிதோவாவுக்குப் போனது.

அந்த முறைக்கு முடிவு கட்டியது 2004 ஏதென்ஸ். ஆண்களின் ஒட்டுமொத்தப் போட்டியில் தென் கொரியாவின் யாங் டே-யங் இணைச்சட்டத்தில் செய்த பயிற்சியின் தொடக்க மதிப்பு 10.0 என்பதற்குப் பதிலாக 9.9 என்று தவறாகக் குறிக்கப்பட்டது. அவர் வெண்கலத்தோடு நிற்க, அமெரிக்காவின் பால் ஹாம் தங்கம் பெற்றார். இருவருக்கும் இடையிலான தூரம் 0.049 மட்டுமே. மூன்று நடுவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஆயினும் விளையாட்டுத் தகராறுகளைத் தீர்க்கும் பன்னாட்டு நடுவர் மன்றம், முறையீடு உரிய நேரத்தில் எழுப்பப்படவில்லை, களத்தில் எடுத்த தொழில்நுட்ப முடிவை நீதிமன்றம் திறக்கலாகாது என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தது. இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு நுட்பம், யாங் அதே பயிற்சியில் விதி அனுமதித்ததைவிட ஒரு முறை கூடுதலாகச் சட்டத்தில் நிறுத்தம் செய்ததை நடுவர்கள் காணவில்லை என்று ஒளிப்பதிவு காட்டியது என்பதாகும். அதற்கும் கழித்திருந்தால் அவருக்குத் தங்கம் கிட்டியிருக்காது. ஒரு பிழையைத் திருத்தினால் மற்றதையும் திருத்த வேண்டும், அப்படித் திருத்தத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு ஏதென்ஸ் விடை தரவில்லை. அதே போட்டிகளில் ரஷ்யாவின் அலெக்ஸி நெமோவ் உயர்சட்டத்தில் பெற்ற 9.725க்கு எதிராக அரங்கமே நிமிடக்கணக்கில் கூச்சலிட, மதிப்பெண் 9.762 ஆக உயர்த்தப்பட்டது. பதக்கம் மாறவில்லை, ஆனால் கூட்டத்தின் குரலுக்கு எண் அசையும் என்பது உலகறியத் தெரிந்துவிட்டது. இவற்றின் விளைவாக 2006இல் பத்து என்ற உச்சம் கைவிடப்பட்டு, மேலே விளக்கிய இருபகுதி முறை நடைமுறைக்கு வந்தது.

கடிகாரம் தந்த தீர்ப்பு

புதிய முறை சர்ச்சையை ஒழிக்கவில்லை. அதன் இடத்தை மாற்றியது. 2012 லண்டனில் ஆண்கள் அணிப் போட்டி முடிந்தபோது நான்காம் இடத்தில் இருந்த ஜப்பான், கோஹெய் உச்சிமுரா பொம்மல் குதிரையிலிருந்து இறங்கிய விதத்துக்கு மதிப்பு கேட்டு முறையிட்டு 0.7 கூடுதலாகப் பெற, வெள்ளி ஜப்பானுக்குச் சென்றது. அதைப் பெற்றுவிட்டதாக மகிழ்ந்த பிரிட்டன் வெண்கலத்துக்கு இறங்க, உக்ரைன் பதக்கமே இல்லாமல் வெளியேறியது. நடுவரின் கண்ணைவிட, பயிற்சியாளர் எவ்வளவு விரைவாக எழுந்து முறையிடுகிறார் என்பதும் போட்டியின் பகுதியாகிவிட்டது.

இந்தப் போக்கின் உச்சம் 2024 ஆகஸ்ட் 5 அன்று பாரிஸில் நடந்த பெண்கள் தரைப் பயிற்சி இறுதிப் போட்டி. பிரேசிலின் ரெபேக்கா அந்த்ராதே தங்கமும் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் வெள்ளியும் பெற்றனர். வெண்கலத்துக்கு ருமேனியாவின் அனா பார்போசுவும் சப்ரினா மனேகா-வோய்னியாவும் 13.700 என்று சமநிலையில் இருக்க, நேர்த்தி மதிப்பெண் உயர்ந்ததால் பார்போசு முன்னிலையில் நின்றார். கடைசியாக ஆடிய அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்கு முதலில் கிடைத்தது 13.666. அவருடைய பயிற்சியாளர் முறையிட, ஒரு தாவலுக்குரிய 0.1 சேர்க்கப்பட்டு 13.766 ஆயிற்று, கொடியேந்தி மகிழ்ந்துகொண்டிருந்த பார்போசு கண்ணீரோடு வெளியேறினார். கடைசியாக ஆடுபவருக்கான முறையீட்டுக்கு ஒரு நிமிடமே அவகாசம். ருமேனியா தொடுத்த வழக்கில், முறையீடு ஒரு நிமிடம் நான்கு நொடியில் வந்தது என்று கண்ட பன்னாட்டு நடுவர் மன்றம் முதல் மதிப்பெண்ணை மீட்டது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு பதக்கத்தைப் பார்போசுவுக்கு அளித்தது. சைல்ஸ் தரப்பு, முறையீடு உரிய நேரத்துக்குள் செய்யப்பட்டதை ஒளிப்பதிவு காட்டுகிறது என்று கூறி சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றத்தை நாடியது.

மூன்றாமவரான மனேகா-வோய்னியாவின் நிலை இவ்வழக்கில் பெரிதும் பேசப்படாமல் போனது. அவர் எல்லைக்கோட்டைத் தாண்டியதாக 0.1 கழிக்கப்பட்டது, அவர் கால் கோட்டைத் தாண்டவில்லை என்றே ஒளிப்பதிவைப் பார்த்தவர்கள் பலர் கருதினர். அந்தக் கழிவு இல்லையென்றால் அவர் மதிப்பெண் 13.800, சைல்ஸின் உயர்த்தப்பட்ட மதிப்பெண்ணையும் அது விஞ்சியிருக்கும். ஆனால் அவர் தரப்பு உரிய நேரத்தில் அதை எதிர்க்கவில்லை என்பதால் அவர் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மூன்று இளம் வீராங்கனைகளில் எவர் தரையில் சிறப்பாக ஆடினார் என்ற கேள்வியே எழாமல், எவருடைய பயிற்சியாளர் எந்த நொடியில் எதைச் சொன்னார் என்பதே வழக்காயிற்று. ஏதென்ஸில் களத்தின் முடிவைத் திறக்க மறுத்த அதே மன்றம், பாரிஸில் களத்தின் மதிப்பீட்டைத் தொடாமல் கடிகாரத்தை மட்டும் திறந்தது. இரண்டும் சட்டப்படி ஒன்றோடொன்று முரண்படுபவை அல்ல. ஆனால் இரண்டிலும் ஆட்டத்தின் தரம் தீர்ப்பின் மையத்திலிருந்து விலகி நின்றது.

விதிநூல் எழுதிய தீர்ப்பு: தீபா கர்மாக்கர்

இந்தியாவைப் பொறுத்தவரை இவ்விளையாட்டின் மிகக் கூர்மையான தருணம் 2016 ஆகஸ்ட் 14 அன்று ரியோவில் நடந்த பெண்கள் வால்ட் இறுதிப் போட்டி. வால்ட் என்பது ஓடிவந்து, துள்ளுபலகையில் மிதித்து, தாண்டுமேசையில் கை ஊன்றிப் பாய்ந்து இறங்கும் பயிற்சி. இறுதிப் போட்டியில் இரு வேறு பாய்ச்சல்களைச் செய்து, அவற்றின் சராசரியே மதிப்பெண்ணாகும். திரிபுராவின் அகர்தலாவில், கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றிய கருவிகளில் பயின்று, பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தியின் வழிகாட்டலில் வளர்ந்த தீபா கர்மாக்கர், ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. அவர் பெற்றது 15.066, வெண்கலம் பெற்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபர் பெற்றது 15.216. இடைவெளி 0.150 என்றே எங்கும் எழுதப்பட்டது. இரு பாய்ச்சல்களின் சராசரி என்பதால், கூட்டுத்தொகையில் அந்த இடைவெளி 0.300, விதிநூலின் மொழியில் அது ஒரேயொரு நடுத்தரப் பிழை.

இந்த முடிவில் நடுவர் பாரபட்சம் பற்றிய குற்றச்சாட்டு பெரிதாக எழவில்லை. உண்மையான விவாதம் அவர் தேர்ந்தெடுத்த பாய்ச்சலைப் பற்றியது. ரஷ்யாவின் எலேனா புரோடுனோவாவின் பெயரால் வழங்கும் அந்தப் பாய்ச்சலில், மேசையிலிருந்து முன்னோக்கி இரண்டு குட்டிக்கரணம் அடித்துக் காலூன்ற வேண்டும். இறங்கும்போது தரை கண்ணுக்குத் தெரியாது, ஒரு சுற்று குறைந்தால் கழுத்துக்கே ஆபத்து. அக்காலத்து விதிநூலில் அதன் கடின மதிப்பு 7.0, அதே இறுதிப் போட்டியில் தங்கம் வென்ற பைல்ஸின் இரு பாய்ச்சல்களின் மதிப்புகள் 6.3, 6.4. தீபா மிகத் தாழ்ந்த குந்தலில் இறங்கியதால் அவருடைய நேர்த்தி மதிப்பெண் 8.266 ஆயிற்று; ஆனால் கடின மதிப்பு அந்தக் குறையை ஈடுசெய்து அந்தப் பாய்ச்சலுக்கு 15.266 தந்தது. உயர்ந்த கருவிகளும் பஞ்சுத் துண்டங்கள் நிறைந்த குழிகளும் இல்லாத ஊரில், இருபதாண்டு நேர்த்திக் கல்விக்கு வாய்ப்பில்லாத ஒருவர், ஓர் அபாயமான திறமையை முழுமூச்சாகக் கற்று உலகின் முன்வரிசையை எட்ட, விதிநூலின் அந்த ஓர் எண்ணே வாசலாக இருந்தது. அந்த வாசலின் மறுபக்கமும் உண்டு: உயிருக்கு ஆபத்தான ஒன்றுக்குப் பெரிய மதிப்பு வைத்தால், அதற்கு ஆயத்தமில்லாதவர்களையும் அது இழுக்கும் என்பது கூட்டமைப்பின் கவலை. ரியோவுக்குப் பிந்தைய விதிநூலில் புரோடுனோவாவின் மதிப்பு 6.4 ஆகக் குறைக்கப்பட்டது. மற்றப் பாய்ச்சல்களும் இறக்கப்பட்டன என்றாலும் இதற்கு நேர்ந்த இறக்கம் பெரியது.

இதே வாதம் பைல்ஸைச் சுற்றியும் நடந்தது. 2019இல் சமநிலைச் சட்டத்திலிருந்து இரண்டு குட்டிக்கரணமும் இரண்டு திருகலும் சேர்த்து இறங்கும் அவருடைய புதிய பயிற்சிக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைந்த மதிப்பே தரப்பட்டபோது, வீராங்கனைகளின் பாதுகாப்பைக் கூட்டமைப்பு காரணம் காட்டியது. ஒருவரால் மட்டும் செய்ய முடிவதைத் தண்டிப்பதாகும் இது என்று எதிர்ப்பு எழுந்தது. பாதுகாப்பு உண்மையான காரணமே. ஆனால் மதிப்பைக் குறைப்பதால் அபாயம் குறைகிறது என்றால், அதன் விலையைக் கொடுப்பவர்கள் அந்த அபாயத்தை ஏற்றுப் பயின்றவர்களே என்பதும், அந்த விலையை விதிநூல் வகுப்போர் கொடுப்பதில்லை என்பதும் மறக்கக்கூடாதவை.

தேர்வு அறையில் நிகழும் தீர்ப்பு

மூன்றாம் இடமான தேர்வுக் குழு, இந்திய ஜிம்னாஸ்டிக்ஸில் மிகக் குறைவாக ஆராயப்பட்டதும் மிக அதிகமாகப் பாதித்ததுமாகும். 2010 தில்லி காமன்வெல்த் போட்டிகளில் அலகாபாத்தின் ஆஷிஷ் குமார் வால்ட்டில் வெள்ளியும் தரைப் பயிற்சியில் வெண்கலமும் வென்று, அதே ஆண்டில் குவாங்சோ ஆசியப் போட்டிகளிலும் வெண்கலம் பெற்றபோது, இவ்விளையாட்டில் இந்தியாவுக்கு ஒரு காலம் பிறந்ததாகத் தோன்றியது. அதன் பின் தேசியக் கூட்டமைப்பு உட்பூசலில் பிளவுபட்டு, பல ஆண்டுகள் அரசின் அங்கீகாரமின்றியே கிடந்தது. முறையான அமைப்பு இல்லாத நிலையில் தேசியப் போட்டிகளும் பயிற்சி முகாம்களும் நிச்சயமற்றுப் போக, எந்த நடுவரும் பார்க்காத திறமைகள் எந்த எண்ணும் பெறாமலே மறைந்தன.

2023இல் இச்சிக்கல் வேறு வடிவில் வந்தது. ஊக்கமருந்து விதியை மீறியதற்காக 21 மாதத் தடையை அனுபவித்து ஜூலை 10 அன்று மீண்ட தீபா, அடுத்த நாட்களில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டித் தேர்வில் முதலிடம் பெற்றார். ஆயினும் கடந்த 12 மாதங்களில் ஒருவர் காட்டிய திறன், 2018 ஆசியப் போட்டியில் எட்டாமிடம் பெற்றவரின் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்ற அரசு விதிமுறையால் அவர் அனுப்பப்படவில்லை. அந்த 12 மாதங்களில் தடையால் அவர் போட்டியிடவே முடியாது என்பதால், விதி அவரை அளக்கவில்லை. அளக்க முடியாதவராக ஆக்கியது. தடை நியாயமானதே என்று கொண்டாலும், தடை முடிந்த பின்பும் அதன் நிழல் விதிமுறை வழியே நீள வேண்டுமா என்ற கேள்வி எஞ்சுகிறது. அந்த ஆசியப் போட்டிகள் நடந்த ஹாங்சோவுக்குச் சென்ற ஒரே இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை, 2019 முதல் ஆசியச் சாம்பியன் போட்டிகளில் வால்ட் வெண்கலம் வென்றுவந்த பிரணதி நாயக். அவர் வால்ட் இறுதிப் போட்டியில் எட்டாமிடம் பெற்றார். அடுத்த ஆண்டு மே மாதம் தாஷ்கண்டில் நடந்த ஆசியச் சாம்பியன் போட்டியில் தீபா வால்ட்டில் தங்கம் வென்றார். அந்தத் தொடரில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் தங்கம் அது. அக்டோபரில் ஓய்வை அறிவித்தார். பாரிஸ் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தியர் எவரும் இல்லை.

நடுவர் நாற்காலியிலும் இந்தியாவின் இருப்பு அண்மைக் காலத்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பணியாற்றிய குஜராத்தின் தீபக் காப்ரா, கலைநய ஜிம்னாஸ்டிக்ஸில் ஒலிம்பிக் நடுவரான முதல் இந்தியர். விதிநூலைப் பின்பற்றும் நிலையிலிருந்து, அதைப் படித்து விளக்கி வாதிடும் நிலைக்கு ஒரு நாடு உயர்வதற்கு இத்தகைய நடுவர்கள் பதக்கங்களுக்கு நிகராக இன்றியமையாதவர்கள். லண்டனிலும் பாரிஸிலும் வெண்கலமும் வெள்ளியும் கைமாறியது விதிநூலை நொடிப்பொழுதில் நினைவுகூரத் தெரிந்தவர்களாலேயே.

எந்திரக் கண்ணும் அதன் எல்லையும்

உடலின் அசைவை முப்பரிமாணத்தில் பதிந்து, எந்தப் பயிற்சி, எத்தனை பாகை சுழற்சி என்று கணினி கணக்கிடும் முறையை ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனம் உருவாக்க, 2019 ஸ்டுட்கார்ட் உலகச் சாம்பியன் போட்டியில் அது சில கருவிகளில் பயன்பாட்டுக்கு வந்து, 2023 ஆன்ட்வெர்ப்பில் எல்லாக் கருவிகளுக்கும் விரிந்தது. மனேகா-வோய்னியாவின் கால் கோட்டைத் தாண்டியதா, சைல்ஸின் தாவல் முழுச் சுற்றுச் சுற்றியதா போன்ற கேள்விகளுக்கு எந்திரம் மனிதக் கண்ணைவிட நம்பகமான விடை தரும். ஆனால் எந்திரம் நோக்கும் கருவியே பிழையாக அமைந்திருந்தால் எந்த நுண்ணளவும் பயனற்றது என்பதை 2000 சிட்னி காட்டியது. அங்கே பெண்கள் ஒட்டுமொத்தப் போட்டியில் வால்ட் கருவி 5 சென்டிமீட்டர் தாழ்வாக அமைக்கப்பட்டிருப்பது, பலர் தடுமாறி விழுந்த பின்னரே கண்டறியப்பட்டது. அதுபோலவே, புரோடுனோவாவுக்கு 7.0 தருவதா 6.4 தருவதா என்பதையோ, தடை முடிந்தவரை அனுப்புவதா என்பதையோ எந்தக் கணினியும் தீர்மானிக்காது. அவை மனிதர்கள் கூடி எடுக்க வேண்டிய மதிப்புசார் முடிவுகள்.

முடிவுரை

சுரங்கம் இயங்கிய காலத்தில் கால்பந்தும் ஹாக்கியும் செழித்த தங்கவயலைப் போன்ற ஊர்களில் ஒரு திடலும் ஒரு பந்தும் இருந்தால் திறமை வெளிப்பட இடமுண்டு; கோல் விழுந்ததா இல்லையா என்பதற்குப் பெரும்பாலும் நடுவரின் ரசனை தேவையில்லை. ஜிம்னாஸ்டிக்ஸுக்கோ கருவிகள், பஞ்சு விரிப்புகள், தேர்ந்த பயிற்சியாளர், விதிநூல் அறிந்த நடுவர் ஆகிய அனைத்தும் ஒருசேர வேண்டும். அவற்றுள் ஒன்று இல்லாவிட்டாலும் ஒரு குழந்தை மேடை ஏறும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. ஆகவே சீர்திருத்தம் மேடையோடு நிற்கலாகாது. முறையீட்டின் நேரத்தைத் தானாகப் பதியும் கடிகாரமும், எல்லைக்கோட்டுக்கு எந்திரக் கண்ணும் எளிதில் செய்யக்கூடியவை. அவற்றோடு, விதிநூல் மதிப்புகளை மாற்றும்போது அதன் காரணத்தை வெளிப்படையாக எழுதுவதும், தேர்வு விதிமுறைகள் எவரை அளக்க முடியாதவராக்குகின்றன என்று முன்கூட்டியே பரிசீலிப்பதும் தேவை. தங்கத்தின் மாற்றை அறிய உரைகல் போதும். ஆனால் எந்தப் பாறையை வெட்டுவது, எந்த மாதிரியைச் சோதனைக்கு அனுப்புவது என்ற முடிவு உரைகல்லுக்கு வெளியே எடுக்கப்படுவது, அதற்கும் கணக்குக் கேட்கப்பட வேண்டும்.